நாலாம் மைல் முரட்டுக் கப்பி

பூண்டி ஏரியின் மேற்குக் கோடியில் ஓர் அளவுத் தூண் இருந்தது. அணையிலிருந்து ஏழு மைல். முதல் இரண்டு மைல் கரையின்மேல். பிறகு கரையைவிட்டு இறங்கி நாலு மைல் காப்புக் காடு. கடைசி ஒரு மைல் தண்ணீர் ஓரம். வழி முழுக்கக் கல்லும் மண்ணும்தான். அந்தப் பாதை தார் பார்த்ததில்லை. லஸ்கர் சலாஹுதீன் தினமும் காலையில் சைக்கிளில் அந்தத் தூணுக்குப் போவார். தண்ணீர் எத்தனை அடி, எத்தனை அங்குலம் நிற்கிறது என்று அறிந்துகொண்டு திரும்பி வந்து, பத்து மணிக்குள் அணை ஆபீசில் அந்த எண்ணைச் சொல்வார். பட்டணத்துக்குக் குடிதண்ணீர் எவ்வளவு விடுவது என்பதை அந்த எண்ணை வைத்துத்தான் முடிவு செய்தார்கள்.

அணை திறந்த நாளிலிருந்து பதினாலு வருஷம் அவர் இந்த வேலையைச் செய்தார். ஒரு நாளும் எண் தப்பியதில்லை. அதில் கடைசி மூன்று வருஷம் அவருக்குக் கண் தெரியாது.

சொந்த ஊர் பழவேற்காடு. குடும்பத்துக்குக் கயிறும் கருவாடும் வியாபாரம். அணை கட்டத் தொடங்கியபோது கயிற்றுக் கட்டுகளோடு மாட்டு வண்டியில் பூண்டிக்கு வந்து இறங்கினார். சரக்கை ஒப்படைத்துவிட்டு மறுநாள் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. அண்ணன்மார் ஆள்மேல் ஆள் அனுப்பினார்கள். "உப்புத் தண்ணியையே பாத்து வளந்தவன் நானு. இத்தினி நல்ல தண்ணி ஒரே எடத்துல நிக்கப்போவுதுன்னா, பாக்காம எப்பிடி வர்றது?" என்று சொல்லி அனுப்பினார். அணை முடிந்ததும் லஸ்கர் வேலை கிடைத்தது. ஏரிக்கரையையும் மதகையும் பார்த்துக்கொள்கிற கடைசிப்படி உத்தியோகம். காக்கிச் சட்டை, ஒரு சைக்கிள், அணைக்குக் கீழே ஓட்டு வீடு ஒன்று. மனைவி ஜெய்னம்புவையும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகன் கமாலையும் பழவேற்காட்டிலிருந்து அழைத்துக்கொண்டார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றில் ஓர் ஆடு அவர் சைக்கிளில் வந்து மோதியது. பக்கத்திலிருந்து வந்த ஆடு. அது வந்ததே அவருக்குத் தெரியவில்லை. அடுத்த மாதம் ஒரு விறகுச் சுமைக்காரி. அதற்கடுத்து ஒரு மரக்கிளை. நேரே இருப்பது தெரிந்தது. பக்கத்தில் இருப்பது இல்லாமல் போயிருந்தது. ஐம்பத்து மூன்றில் பட்டணத்துக்குப் போய்க் கண் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் வெகுநேரம் விளக்கடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"புரையா இருந்தா உரிச்சு எடுத்துடலாம். இது நரம்பு. போனது வராது. இருக்கறதும் கொஞ்சம் கொஞ்சமாப் போவும்."

"எத்தினி நாளைக்குத் தாங்கும் டாக்டர்?"

"ஒரு வருஷம். மிஞ்சினா ரெண்டு."

திருவள்ளூர் ஸ்டேஷனில் இறங்கிச் சைக்கிளை எடுத்தார். வீட்டுக்கு வருகிற வழியில், மீதிப் பார்வை தீர்வதற்குள் ஏழு மைலையும் பாடம் பண்ணிவிட வேண்டும் என்று முடிவு செய்தார். ஓய்வு பெற அப்போது ஆறு வருஷம் இருந்தது. கமால் பட்டணத்தில் ஹாஸ்டலில் தங்கி ஓவர்சியர் படிப்பில் சேர்ந்த வருஷம் அது. கண் போயிற்று என்று தெரிந்தால் வேலை போகும். வேலையோடு வீடு போகும். பையன் படிப்பை விட்டுவிட்டு வந்து நிற்பான். அவ்வளவுதான் காரணம். வீட்டில் ஜெய்னம்புவிடம் சொன்னார். வெளியே ஒரே ஓர் ஆளிடம் சொன்னார். அது கூட வேலை பார்த்த லஸ்கர் அரசப்பன்.

அரசப்பன் வாயாடி. விஷயத்தைக் கேட்டதும் பீடியைக் கீழே போட்டு மிதித்து அணைத்தார். பிறகு, "சரி பாயி, இன்னா பண்ணணும் சொல்லு" என்றார்.

"நான் கண்ண மூடிக்கினு ஓட்டுவேன். நீ பின்னாலயே வா. குழில வுழப்போறேன்னா கத்து."

"வுழப்போறப்போ கத்தணுமா, வுழுந்தப்புறம் கத்தணுமா?"

"முன்னாடியே கத்துடா."

இப்படித்தான் தொடங்கியது. முதல் வாரம் ஒரு பர்லாங். அடுத்த வாரம் இன்னொரு பர்லாங். சலாஹுதீன் கண்ணை மூடிக்கொண்டு முன்னால் போவார், அரசப்பன் கண்ணைத் திறந்துகொண்டு பின்னால் வருவார். "கண்ண மூடினவன் நேரா போறான், தொறந்தவன் நான் ரெண்டு வாட்டி வுழுந்துட்டேன். இந்த நியாயத்த எங்க போய்ச் சொல்றது?" என்று புலம்புவார். ஏழு மைலும் பாடமாக ஒன்றரை வருஷம் ஆயிற்று.

அந்தப் பாதையில் இரண்டு பர்லாங் ஒரே மாதிரி இருந்ததில்லை. அதுதான் அவருக்கு வாய்ப்பாயிற்று. கரையின் தொடக்கத்தில் அணை கட்டியபோது சிந்திய கருங்கல் ஜல்லி. டயருக்கு அடியில் கடகடக்கும். பிறகு சிவப்புக் கிராவல். சோளம் பொரிகிற சத்தம். கரையைவிட்டு இறங்குமிடத்தில் மிதிக்காமலே சைக்கிள் வேகமெடுக்கும், காதில் காற்று அடைக்கும். காட்டுக்குள் நுழைந்ததும் தோளில் குளிர்ச்சி விழும், நுணாப்பூ வாசனை வரும். ஈச்சம்புதர் ஓலை வலது முழங்கையை உரசினால் ஓடை வரப்போகிறது. ஓடை மணலில் சத்தமே இருக்காது; இறங்கித் தள்ள வேண்டும். ஓடையைத் தாண்டினால் பாறைத் தகடு. முன் சக்கரம் டொக்கென்று ஏறும், பின் சக்கரம் டொக்கென்று ஏறும்.

நாலாம் மைலில் முப்பது கஜத்துக்கு முரட்டுக் கப்பி. அணை வேலைக்கு லாரிகள் போனபோது சக்கரம் புதையாமலிருக்க உடைத்துக் கொட்டிய கல். உருளை ஓட்டாமல் அப்படியே விட்டது. அதன்மேல் ஏறினால் பல் ஆடும், பெல் தானாக அடிக்கும். அந்தக் கப்பி முடிகிற இடத்தில் பாதை சட்டென்று இடப்பக்கம் மடங்கும். மடங்காமல் நேரே போனால், கரைக்கு மண் வெட்டிய குழி. எட்டடி ஆழம், அடியில் பாறை. சுற்றிலும் பொட்டல். நிழல் இல்லை, வாசனை இல்லை, மேடு பள்ளம் இல்லை. கப்பி ஒன்றுதான் அடையாளம். பல் ஆடியதும் அவர் பிரேக்கைப் பிடித்து, முப்பது கஜத்தையும் மெதுவாக உருட்டி, கல் நின்றதும் இடப்பக்கம் திரும்புவார்.

எதிரே வருகிற வண்டி மாட்டுக்கும் ஆட்டுக்கும் அவர் பெல்லை அடித்துக்கொண்டே போனார். பத்து மிதிக்கு ஒரு முறை. காட்டில் சுள்ளி பொறுக்குகிற பெண்கள் வழிவிட்டு நின்று சிரிப்பார்கள். அவர்களில் குணசுந்தரி என்பவள் துடுக்கு.

"இன்னா பாய், எங்க போவுது மாப்ள ஊர்கோலம்?"

"ஏரியம்மாவப் பொண்ணு பாக்கத்தான். நீ வழிய வுடு தாயி."

தூணில் அடியும் அங்குலமும் கறுப்புப் பெயிண்டில் எழுதியிருந்தன. அவை அவருக்கு வேண்டியிருக்கவில்லை. தூணை ஒட்டித் தண்ணீருக்குள் இறங்கும் கல்படிகள் இருந்தன. ஒவ்வொரு படியும் சரியாக ஆறங்குலம். மேலிருந்து எண்ணிக்கொண்டு இறங்குவார். பாதம் நனைந்ததும் நிற்பார். நனைந்த படியில் மூங்கில் குச்சியை நிறுத்துவார். அங்குலத்துக்கு ஒரு வெட்டு போட்ட குச்சி. ஈரம் எந்த வெட்டு வரை ஏறியிருக்கிறது என்று கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். காற்றடித்து அலை எழும்பும் நாட்களில் மூன்று முறை வைத்து நடுவிலுள்ளதை எடுப்பார். கண்ணால் பார்த்தவர்களைவிட அந்தக் கட்டைவிரல் திருத்தமாக இருந்தது.

"என்னய்யா சலாஹுதீன், ஏரி இன்னிக்கு என்ன சொல்றது?" என்பார் செக்‌ஷன் ஆபீசர் ஆராவமுதன். திருவள்ளூர்க்காரர், நெற்றியில் மெல்லிய ஒற்றைத் திருமண். எண்ணைச் சொன்னால் குமாஸ்தா எழுதிக்கொள்வார். ஆராவமுதன் மாதத்துக்கு ஒரு முறை ஜீப்பில் போய்த் தூணைப் பார்ப்பார். ஒரு முறைகூட வித்தியாசம் வந்ததில்லை. "உன் கண்ணு கழுகுக் கண்ணுய்யா" என்று சொல்வார். சலாஹுதீன் குரல் வந்த பக்கம் சலாம் வைத்துவிட்டு வெளியே வருவார்.

கமால் படித்து முடித்ததும் எல்லாவற்றையும் அவனிடம் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தார். ஆனால் ஐம்பத்தேழில் கமாலுக்கு ஓவர்சியர் வேலை கிடைத்தது அதே செக்‌ஷனில். ஏரியின் மேற்குப் பக்கம் முழுவதும் அவன் பொறுப்பு. அளவுத் தூணின் ரெஜிஸ்டரில் வாரத்துக்கு ஒரு முறை கையெழுத்துப் போடுவது அவன். திருவள்ளூரில் குடித்தனம் வைத்து, மனைவி சாயிரா பானுவோடு இருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வருவான்.

அரசப்பன் கேட்டார்: "இன்னும் எதுக்கு பாயி மறைக்கற? புள்ள சம்பாரிக்கறான். சொல்லிட்டுக் குந்து."

"சொன்னா அவன் இன்னா பண்ணணும்? அப்பனுக்குக் கண்ணு இல்லன்னு மேல எழுதணும். இல்லாங்காட்டி தெரிஞ்சிக்கினே கையெழுத்துப் போடணும். ரெண்டும் புள்ளைக்குக் கெட்டது. ஒன்றரை வருஷம் ஓட்டிட்டேன்னா அவன் ஒண்ணும் தெரிஞ்சிக்க வேணாம்."

ஒன்றரை வருஷம். சலாஹுதீன் கேட்டது அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அவரைப் பார்த்தால் யாரும் கண்டுபிடிக்க முடியாது. வெளித்தோற்றத்துக்குக் கண் நன்றாக இருந்தது. வீட்டில் எதுவும் இடம் மாறாதபடி ஜெய்னம்பு பார்த்துக்கொண்டாள். செருப்பு ஒரே இடம், செம்பு ஒரே இடம். கமால் பேசும்போது அவர் முகத்தை அவன் பக்கம் வைத்துக்கொள்வார். பார்வை ஒரு விரற்கடை தள்ளி விழும். கமால் அதைக் கவனித்தான். வயதாகிறது என்று நினைத்தான். அளவெடுப்பதையே படித்தவன், அந்த ஒரு விரற்கடையை அளக்கவில்லை.

ஐம்பத்தெட்டு ஜனவரியில் ஒரு ஞாயிறு. கமால் ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்து பாயில் விரித்தான்.

"வாப்பா, உங்க ரோடு."

"இன்னா ரோடு?"

"தூணுக்குப் போற ரோடு. ஏழு மைலும் புதுக் கிராவல். நாலு அங்குலம். தண்ணி தெளிச்சு, உருளை போட்டு இறுக்கிடுவோம். சாங்ஷன் ஆயிடுச்சு. இனிமே எண்ணெ தடவுன மாதிரி போவும் உங்க சைக்கிள்."

சலாஹுதீன் படத்தின்மேல் உள்ளங்கையை வைத்து ஒரு முறை தடவினார். காகிதம் வழவழவென்று இருந்தது.

"அழகா கீதுப்பா" என்றார். படத்திலிருந்து கையை எடுக்காமல், "இருக்கற ரோடே போதுமே கமாலு. நல்லாத்தானே கீது" என்றார்.

"எது நல்லா இருக்கு? மாசத்துக்கு மூணு பஞ்சர். ஊட்டுக்கு வந்தா இடுப்பப் புடிச்சிக்கினு குந்துறீங்கன்னு உம்மா சொல்லுது."

"நான் எப்போடா சொன்னேன்?" என்றாள் ஜெய்னம்பு அடுப்படியிலிருந்து.

"போன வாரம் சொன்னியே."

"சொல்லியிருக்க மாட்டேன்."

கமால் சிரித்தான். சலாஹுதீனும் சிரித்தார். பிறகு சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டார்:

"சரி, போடு. நாலாம் மைலு முடக்குல மட்டும் அந்தப் பழைய கப்பிய அப்பிடியே வுட்டுடு."

"ஏன் வாப்பா?"

"வண்டிங்க அங்க வேகமா வருது. கல்லு இருந்தா கொஞ்சம் அடங்கி வரும்."

"வாப்பா, ஏழு மைல்லயே மோசமான எடம் அதுதான். அந்த முப்பது கஜத்துல உங்க சைக்கிள் படற பாட்ட ஒரு நாள் தூரத்துலேர்ந்து பாத்தேன். அதுக்காவத்தான் இந்த எஸ்டிமேட்டே போட்டேன். அங்க மட்டும் நாலு இல்ல, ஆறு அங்குலம்."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது.

"ஆறு அங்குலமா" என்றார் சலாஹுதீன். "நல்லது."

பிப்ரவரி முழுவதும் வேலை நடந்தது. கிராவல் வண்டிகள் வந்துகொண்டே இருந்தன. பத்துப் பேர் இழுக்கும் கல் உருளை கரையிலிருந்து காடு நோக்கி ஒரு நாளைக்குக் கால் மைல் நகர்ந்தது. சலாஹுதீன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். வேலை நடக்கிற பாதையில் யார் நடந்தாலும் யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். விடியுமுன் சுபுஹுத் தொழுகை முடித்ததும் கிளம்பினால்தான் பத்து மணிக்குத் திரும்ப முடிந்தது. உருளை முன்னேற முன்னேற அவருக்குப் பின்னால் சத்தங்கள் ஒவ்வொன்றாகப் போயின. ஜல்லி போயிற்று. ஓடை மணலுக்குக் கல் தளம் வந்தது. பாறைத் தகடு மூடிப்போயிற்று. ஏழு மைலும் ஒரே சத்தம். நல்ல வேலை. அதில் குறை சொல்ல யாராலும் முடியாது. ஆராவமுதன் ஜீப்பில் போய்வந்து, "தண்ணி வெச்ச டம்ளர் சிந்தலைய்யா" என்று கமாலைப் பாராட்டினார்.

சலாஹுதீன் முதலிலிருந்து பாடம் பண்ணத் தொடங்கினார். நுணாப்பூ இருந்தது. ஈச்சம் ஓலை இருந்தது. இறக்கம் இருந்தது. நாலாம் மைலுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. ஈச்சம்புதரிலிருந்து மிதியை எண்ணிப் பார்த்தார். புதுப் பாதையில் சைக்கிள் ஒரு மிதிக்கு எவ்வளவு ஓடும் என்பது நாளுக்கு நாள் மாறியது. பனி பெய்த காலையில் ஓர் எண், காய்ந்த காலையில் வேறோர் எண். எண்ணிக்கையை நம்ப முடியவில்லை.

அரசப்பன்தான் வழி சொன்னார். வளைவுக்கு இருபது கஜம் முன்னால், சலாஹுதீன் போகிற இடப்பக்கத் தடத்தில், செங்கல் துண்டுகளைப் புதைத்துவைப்பது. இரண்டு பேரும் ஒரு மதியம் உட்கார்ந்து வேலை செய்தார்கள். துண்டுகளை ஒரே அளவாகக் கொத்தி, பாதி மண்ணுக்குள், பாதி வெளியே. மூன்று வரிசை. சலாஹுதீன் ஏறிப் பார்த்தார். கடக், கடக், கடக். மூன்றாவது கடக்குக்குப் பிரேக். பிறகு இடப்பக்கம்.

"எப்பிடி கீது?"

"பழைய கப்பி மாதிரி பல்லு ஆடல. ஆனா போதும்."

"பல்லு வேற ஆடணுமா உனக்கு? மீதி நாலு பல்லுதானே கீது."

ஒன்பது நாள் அப்படிப் போய்வந்தார்.

பத்தாம் நாளுக்கு முந்தின மாலை கமால் ரோடு பார்க்க வந்தான். வேலையை முடித்து ஒப்படைப்பதற்கு முன் கடைசிப் பார்வை. நாலாம் மைல் வளைவுக்கு வந்ததும் ரோட்டிலிருந்து செங்கல் துண்டுகள் துருத்திக்கொண்டிருப்பதைப் பார்த்தான். மேஸ்திரி சின்னதுரையைக் கூப்பிட்டான்.

"எவன் வேல இது? ரோட்டுல செங்கல்லப் பொதச்சு வெச்சிருக்கான்."

"மாடு மேய்க்கறவனுங்க யாராச்சும் வெளையாடியிருப்பானுங்க சார். காலைல எடுத்துடறேன்."

"காலைலயா? விடிஞ்சா வாப்பா சைக்கிள்ல வர்ற வழி. சக்கரம் இடறி வுழுந்தா?"

கடப்பாரையை வாங்கித் தானே நெம்பினான். ஒவ்வொரு துண்டாகக் குழிக்குள் வீசினான். பள்ளங்களில் கிராவல் போட்டுக் காலால் மிதித்து இறுக்கினான். அந்த இடம் மற்ற இடம் போலவே ஆயிற்று.

மறுநாள் அரசப்பனுக்கு மதகில் வேலை. சலாஹுதீன் தனியாகப் போனார். ஈச்சம் ஓலை முழங்கையில் பட்டது. எண்ணத் தொடங்கினார். செங்கல் வர வேண்டிய எண் வந்தது. செங்கல் வரவில்லை. எண்ணிக்கை தப்பிவிட்டது என்று நினைத்தார். எண்ணிக்கை தப்பும் என்று அவருக்குத் தெரியும். செங்கல் தப்பும் என்று நினைக்க வழியில்லை. தன் கையால் புதைத்தது. இன்னும் பத்து மிதி போனார். பெல் அடித்தார்.

குணசுந்தரி தூரத்திலிருந்து பார்த்தாள். பெல் அடித்துக்கொண்டே நேராகப் போனார் என்று பிறகு சொன்னாள். ஓடிவந்து குழியில் இறங்கினாள். அவருக்கு நினைவு இருந்தது. இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. அவளிடம் அவர் முதலில் சொன்னது, "அரசப்பன்கிட்ட ஆளனுப்பு. பத்து மணிக்குள்ள அளவு சொல்லணும்."

மாட்டு வண்டியில் திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கட்டுப் போட்டு, ஒரு வாரம் வைத்திருந்து, படுக்கையிலேயே இருக்க வேண்டும் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அரசப்பன் புத்தூருக்குத் தூக்கிப்போய் எலும்புக் கட்டு போடலாம் என்றார். அவ்வளவு தூரம் அசைக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு நெஞ்சில் சளி கட்டியது. வீட்டில் பதினோரு நாள்தான் உயிரோடு இருந்தார்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரிடமும் ஒன்றையே சொன்னார்: "பிரேக்கு புடிக்கல." ஆராவமுதனிடம் அதைத்தான் சொன்னார். பழவேற்காட்டிலிருந்து வந்த அண்ணனிடமும் அதைத்தான். அரசப்பனைத் தனியாகக் கூப்பிட்டு, கமாலிடம் வாய் திறந்தால் தான் செத்தால் மையத்துக்குத் தோள்கொடுக்க வரக்கூடாது என்று சொல்லிவைத்தார். அப்போதுதான் அரசப்பன் அழுததை ஜெய்னம்பு முதல் முறையாகப் பார்த்தாள்.

சலாஹுதீன் வீட்டுக்கு வந்த நாலாம் நாள் விடிந்ததும், கமால் ஆபீஸ் ஷெட்டுக்குப் போனான். குழியிலிருந்து எடுத்த சைக்கிள் அங்கே சாத்தியிருந்தது. முன் சக்கரம் வளைந்திருந்தது. பின் சக்கரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பின் சக்கரத்தை வேகமாகச் சுற்றிவிட்டுப் பிரேக்கைப் பிடித்தான். சக்கரம் அங்கேயே நின்றது. மறுபடி சுற்றினான். மறுபடி நின்றது. ரப்பர் கட்டைகள் புதியவை, மாதம்கூட ஆகியிருக்காது. கம்பிகள் இறுக்கம். ஐந்து முறை சுற்றிப் பார்த்தான்.

அங்கிருந்து நாலாம் மைலுக்குப் போனான். ரோட்டைவிட்டு இறங்கிய சைக்கிள் தடம் மண்ணில் இன்னும் தெரிந்தது. பிரேக் பிடித்த இழுப்பு எங்கும் இல்லை. நேர்கோடு. குழி விளிம்பில் முடிந்தது. குழிக்குள் இறங்கினான். பாறைமேல் அவன் வீசிய செங்கல் துண்டுகள் கிடந்தன. ஒன்றை எடுத்தான். இன்னொன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். ஒரே நீளம். மூன்றாவதும் அதே நீளம். மாடு மேய்ப்பவர்கள் விளையாட்டுக்கு இவ்வளவு அளவாகக் கொத்தமாட்டார்கள்.

நிமிர்ந்தபோது மேலே அரசப்பன் நின்றுகொண்டிருந்தார். தூணிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தவர்.

"மாமா, இத யாரு வெச்சது?"

அரசப்பன் அவன் கையிலிருந்த துண்டுகளைப் பார்த்தார்.

"ரோட்டுல கல்லு இருக்கேன்னு நான்தான் எடுத்தேன்."

"நீயா எடுத்தே?" அரசப்பன் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டுக் குழி விளிம்பில் குந்தினார். "இங்க திரும்பணும்னு பாயிக்குத் தெரியறதுக்கு வெச்சது தம்பி" என்றார்.

"இங்க திரும்பணும்னு பாத்தாலே தெரியுமே?"

"ம்" என்றார் அரசப்பன். "பாத்தாத் தெரியும்."

கமால் கையிலிருந்த செங்கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அரசப்பன் எல்லாவற்றையும் சொன்னார். ஆடு மோதியதிலிருந்து. முரட்டுக் கப்பியை விட்டுவிடச் சொன்னது எதற்கு என்பதையும் சொன்னார்.

"எங்கிட்ட ஏன் மாமா சொல்லல?"

"நீ தெரிஞ்சிக்கக் கூடாதுன்னுதான் பாயி இவ்ளோ பேஜாரும் பட்டுச்சு. நான் இப்ப சொன்னது தெரிஞ்சா அது என்னிய மன்னிக்காது. ஊட்டுக்குப் போ. ஒண்ணும் கேக்காத."

அரசப்பன் போன பிறகு கமால் துண்டுகளையெல்லாம் பொறுக்கி மேலே கொண்டுவந்தான். இடப்பக்கத் தடத்தில், வளைவுக்கு இருபது கஜம் முன்னால், கையாலேயே மண்ணைத் தோண்டி மூன்று வரிசையாகப் புதைத்தான். பாதி உள்ளே, பாதி வெளியே. இனி அந்த வழியில் அது யாருக்கும் வேண்டியதில்லை. அது அவனுக்குத் தெரியும். கடைசித் துண்டு வரை புதைத்துவிட்டுத்தான் எழுந்தான்.

வீட்டுக்கு வந்தபோது சலாஹுதீன் விழித்திருந்தார். மூச்சு இரைத்தது. காலடிச் சத்தம் கேட்டுத் தலையைத் திருப்பினார். கமால் கட்டிலின் அருகே தரையில் உட்கார்ந்தான். முதல் முறையாக அந்தக் கண்களை நேராகப் பார்த்தான். அவை அவனுக்கு ஒரு விரற்கடை வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. அவன் அந்த ஒரு விரற்கடை நகர்ந்து உட்கார்ந்தான்.

"ஷெட்டுக்குப் போனியாமே" என்றார் சலாஹுதீன். "சைக்கிளப் பாத்தியா?"

"பாத்தேன் வாப்பா."

"பிரேக்கு?"

ஜெய்னம்பு அடுப்படி நிலையில் வந்து நின்றாள்.

"புடிக்கல வாப்பா" என்றான் கமால். "கட்டை தேஞ்சு போயிருக்கு. நான் முன்னாடியே பாத்து மாத்தியிருக்கணும்."

"ஒன்னோட தப்பு இன்னாப்பா அதுல? என் சைக்கிள்." அவர் மூச்சு கொஞ்சம் அடங்கியது. கை போர்வைக்கு வெளியே வந்து தேடியது. கமால் தன் கையைக் கொடுத்தான். அவர் அதைப் பிடித்துக்கொண்டார். கட்டைவிரல் அவன் உள்ளங்கையில் மெல்ல ஓடியது. விரல் இடுக்கில் ஓடியது. நகக்கண்ணில் நின்றது. அங்கே ஒட்டியிருந்த பொடியை நெருடிப் பார்த்தது. ஈரத்துக்கும் உலர்ந்த மூங்கிலுக்கும் நடுவே உள்ள கோட்டைக் கண்டுபிடிக்கிற விரல் அது. செங்கல் பொடியைக் கண்டுபிடிக்க அதற்கு அதிக நேரம் ஆகவில்லை.

விரல் நின்றுவிட்டது. வெளியே மதகில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"மண்ணா கீது" என்றார் சலாஹுதீன். கையை விடவில்லை. சிறிது நேரம் கழித்துத்தான் விட்டார்.

"போ, கையக் கழுவிக்கினு வா. உம்மா சோறு போடும்."